இல்லாத தீவுக்கு ஒரு ஸ்டாம்ப்

இந்த முறை ஒரு சின்னக் கேள்வியோடு வந்திருக்கேன். உலக வரைபடத்தில் எங்கேயும் இல்லாத ஒரு தீவுக்கு ஒருவர் அஞ்சல்தலை வரைகிறார். தீவின் பெயர், அங்கே செல்லும் நாணயம், கரையில் உட்காரும் பறவை, அஞ்சல் நிலையத்தின் முத்திரை, எல்லாம் அவரே முடிவு செய்கிறார். பார்த்தால் நிஜ ஸ்டாம்ப் மாதிரியே இருக்கு. அவர் பொய் சொல்கிறாரா?

"இதுல என்னப்பா பொய், சும்மா பொழுதுபோக்குதானே" என்று நீங்க சொல்லலாம். சின்ன வயசில் நாம் எல்லாரும் மாசாக் மாசாக் விளையாடியிருக்கோம். மண்ணைக் குழைத்துச் சோறு என்றோம், இலையைக் கிழித்துக் கீரை என்றோம். பாட்டி ஒரு வாய் சாப்பிடுற மாதிரி நடித்து "உப்பு கொஞ்சம் கம்மி" என்றார். அங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. சரிதான். ஆனால் ஸ்டாம்ப் விஷயத்தில் அந்தப் பதில் பாதி தூரம்தான் போகும் என்பது என் எண்ணம்.

ஏன் என்றால், ஸ்டாம்ப் வெறும் படம் இல்லை. நான் படிக்கிறது இன்ஜினியரிங், அதனால் எனக்குத் தெரிந்த உதாரணத்தையே சொல்றேன். ஒரு கட்டடத்தின் வரைபடத்தை நான் எத்தனை அழகாக வேண்டுமானாலும் வரையலாம், அது படம். பதிவு பெற்ற பொறியாளர் ஒருவர் அதில் கையெழுத்துப் போட்டு சாப் குத்தினால் அது வாக்குறுதியாகிவிடும். "இந்தக் கூரை தாங்கும், தாங்காவிட்டால் என்னைக் கேளுங்க" என்று அர்த்தம். ஸ்டாம்பும் அந்த சாப் மாதிரிதான். "காசு வாங்கியாச்சு, கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்போம்" என்கிறது. அதற்குப் பின்னால் இன்னொரு குரலும் இருக்கு: "இங்கே ஓர் அரசு இருக்கிறது." 1840-ல் பிரிட்டன் வெளியிட்ட உலகத்தின் முதல் அஞ்சல்தலையில் ஓரத்து ஓட்டைகூடக் கிடையாது, கத்தரிக்கோலால்தான் வெட்டணும். நாட்டின் பெயரும் கிடையாது. ராணியின் முகம் மட்டும். யார் நாடு என்று அந்த முகமே சொல்லிவிடும் என்ற தைரியம். இன்றைக்கும் பிரிட்டிஷ் ஸ்டாம்பில் நாட்டின் பெயர் இருக்காது.

நம்ம ஊரிலேயே இதைப் பார்த்திருக்கோம். 1942-ல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்தபோது புது ஸ்டாம்ப் அச்சடிக்கிற வரைக்கும் காத்திருக்கவில்லை. இருந்த பிரிட்டிஷ் மலாயா ஸ்டாம்புகளின் மேலேயே சாப் குத்தினார்கள். சிலவற்றில் 'டாய் நிப்பான் 2602 மலாயா' என்று இருக்கும். 2602 என்பது ஜப்பானியக் கணக்கில் 1942. கீழே அதே பழைய படம், மேலே ஒரு வரி மை. ஆட்சி மாறியதைச் சாதாரண ஜனங்களின் கையில் கொண்டுவந்து கொடுத்தது அந்த ஒரு வரிதான்.

இவ்வளவு கனம் தாங்குகிற ஒரு பொருளை விளையாட்டாகச் செய்யலாமா? செய்தவர்களைப் பார்ப்போம்.

இந்தக் கலையில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் டொனால்ட் எவன்ஸ். 1945-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பிறந்தவர். சிறுவனாக ஸ்டாம்ப் சேர்க்க ஆரம்பித்து, பிறகு தானே கற்பனை நாடுகளுக்கு ஸ்டாம்ப் வரைய ஆரம்பித்தார். வளர்ந்து கார்னெல் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்தார், அந்த வேலையும் பார்த்தார். 1972-ல் நெதர்லாந்துக்குப் போய் மறுபடியும் முழு நேரமும் அதையே செய்தார். எல்லாம் நீர்வண்ணம். எல்லாம் நிஜ ஸ்டாம்பின் அளவு. ஓரத்து ஓட்டைகளுக்கு என்ன செய்தார் தெரியுமா? டைப்ரைட்டரில் முற்றுப்புள்ளியை வரிசையாகத் தட்டினார். அஞ்சல் முத்திரைகளை அழிப்பானில் செதுக்கிக் குத்தினார். மொத்தம் 42 நாடுகள், ஏறக்குறைய 4,000 ஸ்டாம்புகள். டிரோபிடஸ் தீவுகள் என்று ஒரு தீவுக்கூட்டம் உண்டு, செவிடர் தீவுகள் என்று பிரெஞ்சுப் பெயரில் ஒன்று, இத்தாலிய மொழியில் 'சாப்பிடு' என்று பெயர் வைத்த மாஞ்சாரே என்று ஒரு நாடுகூட உண்டு. எது எந்த வருஷம் வெளிவந்தது, என்ன விலை என்று பெரிய பட்டியல் புத்தகம் ஒன்றும் எழுதி வைத்தார். 1977-ல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஒரு தீவிபத்தில் இறந்துபோனார். வயசு 31.

அவருடைய நாடுகளில் போரும் தளபதிகளும் இல்லை. காய்கறி, பழம், காற்றாலை, ஆகாயக் கப்பல், நண்பர்கள். அவர் இறந்த பிறகு தக்காஷி ஹிராய்தே என்ற ஜப்பானியக் கவிஞர், நேரில் பார்க்காத அந்த மனிதருக்கு அஞ்சலட்டைகளாகவே ஒரு புத்தகம் எழுதினார். போய்ச் சேராது என்று தெரிந்தேதான் எழுதினார். அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனசு வரலை. அம்மாவாசைக்குப் படையல் போடுகிற வீட்டில் வளர்ந்தவன் சொல்லவும் கூடாது.

எவன்ஸ் எங்கேயும் பொய் சொல்லவில்லை. ஓவியமாக வரைந்தார், ஓவியமாக மாட்டினார், ஓவியமாக விற்றார். பார்க்கிறவருக்கும் தெரியும், வரைந்தவருக்கும் தெரியும். பாட்டியும் பேரனும் மாதிரி. பொய்க்கு ரெண்டு பேர் வேண்டும், அதில் ஒருவருக்கு உண்மை தெரியாமல் இருக்கணும். இங்கே அந்த ரெண்டாவது ஆள் இல்லை.

இப்போ அந்த ரெண்டாவது ஆளைக் கொண்டுவருவோம். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் ஸ்டாஃபா என்று ஒரு தீவு இருக்கு. கருங்கல் தூண்கள் அடுக்கின மாதிரி ரொம்ப அழகான இடம். அங்கே ஆள் யாரும் குடியிருக்கவில்லை. கடிதம் எழுத ஆள் இல்லை, வாங்க ஆள் இல்லை. ஆனால் 1970-களிலும் 80-களிலும் 'ஸ்டாஃபா' என்று அச்சிட்ட விதவிதமான ஸ்டாம்புகள் சந்தைக்கு வந்தன. வாங்கியவர்களில் எத்தனையோ பேர் சிறுவர்கள். பாக்கெட் காசில் வாங்கி, ஒரு நாட்டின் ஸ்டாம்ப் கிடைத்துவிட்டது என்று ஆல்பத்தில் ஒட்டினார்கள். ஸ்டாஃபா நிஜத் தீவு, எவன்ஸின் தீவுகள் கற்பனை. இருந்தாலும் எவன்ஸிடம்தான் எனக்கு நேர்மை தெரியுது. இடம் இருக்கா இல்லையா என்பது முக்கியமில்லை போலிருக்கு.

அப்படியானால் எது முக்கியம்? இதற்கு லண்டி தீவின் கதை கொஞ்சம் உதவும். இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் கரைக்கு அப்பால் இருக்கிற சின்னத் தீவு. நீளம் ஏறக்குறைய 5 கிலோமீட்டர், அவ்வளவுதான். பஃபின் என்ற பறவையின் பெயரால் வந்த பெயர் அது. 1925-ல் மார்ட்டின் கோல்ஸ் ஹார்மன் என்ற பணக்காரர் தீவையே விலைக்கு வாங்கினார். 1927 முடிவில் பிரிட்டிஷ் அஞ்சல் துறை அங்கே இருந்த அஞ்சல் நிலையத்தை மூடிவிட்டது. ஹார்மன் முதலில் இலவசமாகக் கடிதங்களைக் கரைக்குக் கொண்டுபோனார். அப்புறம் 1929 நவம்பரில் சொந்தமாக ஸ்டாம்ப் வெளியிட்டார். மதிப்பு அரை பஃபின், ஒரு பஃபின். ஒரு பஃபின் என்றால் ஒரு பென்னி. அதே வருஷம் நாணயமும் அடித்தார், ஒரு பக்கம் பஃபின், மறுபக்கம் ராஜா முகம் இருக்க வேண்டிய இடத்தில் அவர் முகம்!

நாணயத்துக்குக் கேஸ் வந்தது. 1930-ல் அவருக்கு 5 பவுண்டு அபராதம். ஸ்டாம்ப் மட்டும் தப்பித்தது. உறையின் முன்பக்கம் ராஜாவின் ஸ்டாம்ப் இருக்கிற இடத்தில் ஒட்டக்கூடாது, பின்பக்கம் ஒட்டிக்கொள் என்பதோடு விட்டார்கள். இன்றைக்கும் லண்டியில் ஸ்டாம்ப் வெளியாகுது, போகிறவர்கள் வாங்கி அஞ்சலட்டை அனுப்புகிறார்கள்.

இதைப் படித்தபோது முதலில் சட்டத்தின் வேடிக்கையாகத்தான் தோன்றியது. யோசிக்க யோசிக்க நியாயமாகவே படுது. லண்டி ஸ்டாம்ப் சொன்ன வாக்குறுதி சின்னது: "இந்தக் கடிதத்தைப் படகில் ஏற்றி அக்கரை சேர்ப்பேன்." அதை ஹார்மன் செய்தார். நாணயம் சொன்னது வேறு: "இங்கே நான்தான் ராஜா." அதைச் செய்துகாட்ட அவரிடம் எதுவும் இல்லை. ஸ்டாம்பை யார் அச்சடித்தார்கள் என்பதைவிட, அது சொல்லும் வாக்கை யாராவது காப்பாற்றுகிறார்களா என்று கேட்கணும். எவன்ஸ் எந்த வாக்கும் கொடுக்கவில்லை, லண்டி கொடுத்ததைக் காப்பாற்றியது, ஸ்டாஃபா காப்பாற்ற ஆளே இல்லாத வாக்கை விற்றது.

நம்ம பக்கத்துக் கதை ஒன்று. 1888-ல் மாயரேனா என்ற பிரெஞ்சுக்காரர், இன்றைய வியட்நாமின் மலைப்பகுதியில் செடாங் மக்களின் ராஜாவாகத் தன்னை அறிவித்துக்கொண்டார். முதலாம் மாரி என்று பட்டம் வேறு. ஐரோப்பாவுக்குப் போய்ப் பட்டங்களும் பதக்கங்களும் விற்றார். அவருடைய ராஜ்யத்தின் பெயரில் அச்சான ஸ்டாம்புகள் இன்றும் சேகரிப்பாளர்களிடம் இருக்கு. திரும்பி வந்தபோது பிரெஞ்சு அதிகாரிகள் உள்ளே விடவில்லை. கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தார் தெரியுமா? நம்ம பகாங் கரைக்கு அப்பால் இருக்கிற தியோமான் தீவில். 1890-ல் அங்கேயே இறந்தார். பாம்பு கடித்தது என்பார்கள், வேறு விதமாகவும் சொல்வார்கள். ஸ்நோர்க்லிங் போகிற யாருக்கும் தியோமானில் ஒரு ராஜா செத்த கதை தெரியாது. எனக்கு அவர் மேல் பெரிய கோபம் இல்லை, ஆனால் செடாங் மக்களை நினைத்தால் இருக்கு. அவர்கள் பெயரில் ராஜ்யம், அவர்கள் பெயரில் ஸ்டாம்ப், அவர்களைக் கேட்டார்களா?

இதே உறுத்தல் இன்னொரு இடத்திலும் வந்தது. 1968-ல் நியூசிலாந்து இளைஞர் ஒருவர் 'ஒக்குசி அம்பேனோ' என்று ஒரு சுல்தானகத்தைக் கற்பனை செய்து அதற்கு ஸ்டாம்ப் வெளியிட ஆரம்பித்தார். நல்ல நகைச்சுவை உணர்வு உள்ளவர், வடிவமைப்பும் நன்றாக இருக்கும். ஆனால் அந்தப் பெயர் கற்பனை இல்லை. திமோர் தீவின் மேற்குப் பாதியில், சுற்றிலும் இந்தோனேசியா இருக்க, தனியாக ஒட்டிக்கொண்டிருக்கிற நிஜமான பகுதி அது. அப்போ போர்த்துகீசியர் ஆட்சி. 1975-ல் இந்தோனேசியப் படை கிழக்குத் திமோருக்குள் புகுந்தது. 1999 வாக்கெடுப்பைச் சுற்றி நடந்த வன்முறையில் ஒக்குசி மக்களும் கடுமையாக அடிபட்டார்கள். ஐ.நா. நிர்வாகம் 2000-ல் கிழக்குத் திமோருக்காக ஸ்டாம்ப் வெளியிட்டது, 2002-ல் நாடு சுதந்திரம் பெற்றது. அந்த மக்களுக்குத் தங்கள் பெயர் போட்ட ஸ்டாம்ப் ஒரு தலைமுறையின் உயிர்ச்சேதத்துக்குப் பிறகு கிடைத்தது. வேறு யாரோ அதே பெயரை வைத்து ஜாலியாக முன்னாடியே அச்சடித்துவிட்டார். குற்றம் என்று சொல்லமாட்டேன்; 1968-ல் எதிர்காலம் யாருக்குத் தெரியும்? ஆனாலும் கற்பனை செய்கிறவன் இடத்தின் பெயரையும் சேர்த்துக் கற்பனை செய்துகொள்வது நல்லது. பெயர் ஏற்கெனவே இன்னொருத்தர் வீட்டுச் சொத்து.

இனி, நம்ம தாத்தா பாட்டிகளின் கதைக்கு வர்றேன். இதை மட்டும் வேகமாகத் தாண்ட முடியாது.

1943 அக்டோபர் 21 அன்று சிங்கப்பூரில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார். மலாயாத் தோட்டங்களிலிருந்து எத்தனையோ தமிழ் இளைஞர்கள் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். ஜான்சி ராணிப் படையில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த பெண்களும் துப்பாக்கி பிடித்தார்கள். இந்தியாவைப் பார்த்தே இராதவர்கள் அவர்களில் பலர். அந்த இயக்கத்துக்கும் ஸ்டாம்ப் இருந்தது. 'ஆசாத் ஹிந்த்' என்ற பெயரோடு 1943-ல் பெர்லின் அரசு அச்சகத்தில் அச்சானவை. ஏர் உழும் விவசாயி, ராட்டை சுற்றும் பெண், காயம்பட்டவரைக் கவனிக்கும் தாதி, சங்கிலி அறுபடும் இந்திய வரைபடம். அந்த ஸ்டாம்ப் ஒட்டி ஒரு கடிதம்கூடப் போகவில்லை. போவதற்கு நாடு இல்லை.

அதே வருஷக் கடைசியில் அந்தமான், நிக்கோபார் தீவுகள் தற்காலிக அரசின் கையில் வந்ததாக அறிவிப்பு வந்தது. போஸ் போர்ட் பிளேயருக்குப் போய்க் கொடி ஏற்றினார். தீவுகளுக்கு ஷஹீத், ஸ்வராஜ் என்று புதுப் பெயர். ஆனால் நிஜ அதிகாரம் ஜப்பானியப் படையிடம்தான் இருந்தது. 1944 ஜனவரியில் ஹம்ஃப்ரேகஞ்ச் என்ற இடத்தில் உளவாளிகள் என்ற சந்தேகத்தில் 44 பேரை அந்தப் படை சுட்டுக் கொன்றது. கொல்லப்பட்டவர்களில் பலர் சுதந்திர இயக்கத்துக்கே உழைத்தவர்கள். ஷஹீத், ஸ்வராஜ் என்று தீவுகளின் பெயர் மாறிய அதே சமயத்தில்.

இப்போ என் கேள்வியை இங்கே வைத்துப் பாருங்க. ஆசாத் ஹிந்த் ஸ்டாம்ப் கற்பனையா? அச்சடித்த நாளில் அந்த நாடு இல்லை, அஞ்சல் சேவை இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் மாயரேனாவின் செடாங் ஸ்டாம்புக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. ரெண்டும் இல்லாத நாட்டின் பெயரில் வெளிநாட்டில் அச்சானவை. வித்தியாசம் தாளில் கிடையாது, பின்னால் நின்ற ஆட்களிடம் இருக்கு. மாயரேனாவின் வாக்குறுதிக்கு விலை கொடுக்க யாரும் முன்வரவில்லை. ஆசாத் ஹிந்த் வாக்குறுதிக்குத் தோட்டத்துப் பெண் தாலிச் செயினைக் கழற்றிக் கொடுத்தாள், இம்பால் பக்கத்துக் காட்டில் பையன்கள் மலேரியாவிலும் பசியிலும் செத்தார்கள். "இது இன்னும் இல்லை, நாங்கள் உண்டாக்குவோம்" என்று சொல்வதும், "இது இருக்கிறது, காசைக் கொடு" என்று சொல்வதும் ஒன்றாகாது. முதலாவது சபதம். சபதம் தோற்கலாம், தோற்றாலும் பொய் ஆகாது.

ஆனால் அதோடு நிறுத்தினால் நான் நேர்மையாக இல்லை. சபதம் எடுத்தவர்களுக்கும் அந்தமான் மக்களுக்கும் நடுவே ஒரு பெயர்ப்பலகை இருந்தது, அதில் ஸ்வராஜ் என்று எழுதியிருந்தது, உள்ளே அது இல்லை. அந்தப் பலகையை நம்பினவருக்கு என்ன பதில்? நேதாஜி மேல் எனக்குள்ள மரியாதை குறையவில்லை. இருந்தாலும் கனவு காண்கிறவன் தன் கனவின் பெயரில் பக்கத்தில் யார் அடி வாங்குகிறார் என்று திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது.

இன்னொருவரைச் சொல்லியே ஆகணும். கார்ல் ஷ்வேசிக் என்ற ஜெர்மன் ஓவியர், நாஜிகளை எதிர்த்தவர், 1941-ல் தென் பிரான்ஸின் குர்ஸ் முகாமில் அடைபட்டிருந்தார். ஸ்டாம்ப் தாள்களின் ஓரத்தில் படம் இல்லாத வெற்றுப் பகுதி ஓட்டைகளோடு மிஞ்சும் இல்லையா, அதில் கலர் மையால் 27 ஸ்டாம்புகள் வரைந்தார். முகாமின் வாழ்க்கைதான் படம். வார்த்தைகள் பிரெஞ்சுக் குடியரசின் வார்த்தைகள்: சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம். முள்வேலிக்குள் இருந்துகொண்டு அதை எழுதினார். அவருடைய ஸ்டாம்ப் போலி. அசல் ஸ்டாம்பில் அந்த அரசு சொல்லிக்கொண்டதைவிட அதில் உண்மை அதிகம்.

என் ரூம்மேட் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "சரிடா, ஆனா இது டைம் வேஸ்ட். நிஜ ஊர்ல இத்தனை பிரச்சினை இருக்கு, நீ இல்லாத ஊருக்கு ஸ்டாம்ப் போட்டுட்டு இருக்க" என்றான். நல்ல கேள்வி, தட்டிக்கழிக்க முடியாது. என் பதில், நீங்களே ஒரு தீவுக்கு ஸ்டாம்ப் வரைந்து பாருங்க என்பதுதான். அரை மணி நேரத்தில் மாட்டிக்கொள்வீர்கள். முதல் ஸ்டாம்பில் யார் முகம்? தலைவரா, மீனவரா, யாருமே வேண்டாமா? தீவில் எத்தனை மொழி, எத்தனை எழுத்து ஸ்டாம்பில் இடம் பிடிக்கும்? 3 செ.மீ. அகலம்தான் இருக்கு. சிங்கப்பூர் நாணயத்தில் நாலு மொழியும் இருப்பதைச் சின்ன வயசில் நான் கவனித்ததே இல்லை. என் தீவுக்கு எழுத்து தேர்ந்தெடுக்க உட்கார்ந்த அன்றைக்குத்தான் எடுத்துப் பார்த்து, 'சிங்கப்பூர்' என்ற தமிழ் எழுத்தைத் தடவிப் பார்த்தேன். ஒரு வட்டத்துக்குள் அதைக் கொண்டுவர யாரோ எவ்வளவு யோசித்திருப்பார்கள். அடுத்தது கட்டணம். உள்ளூருக்கு என்ன, அக்கரைக்கு என்ன? ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே கட்டணமா? எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு? இது அரசியல் வகுப்பு இல்லை, விளையாட்டு. ஆனால் ஒரு சமூகத்தை நடத்த என்னென்ன முடிவு எடுக்கணும் என்று எந்தப் பாடத்தைவிடவும் இதில் எனக்கு அதிகம் புரிந்தது.

என் தீவுக்குச் சில விதிகள் வைத்திருக்கேன். பெயர் எந்த வரைபடத்திலும் இருக்கக்கூடாது, தேடிப் பார்த்துத்தான் வைத்தேன். விற்பனைக்கு இல்லை. உறையின் முன்பக்கம் போஸ் மலேசியா ஸ்டாம்ப், முழுக் கட்டணத்துக்கு. என் தீவின் ஸ்டாம்ப் லண்டி மாதிரி பின்பக்கம்தான். ஓரத்து ஓட்டைகளை ஊசியால் குத்துறேன். நிஜ ஸ்டாம்பில் 2 செ.மீ. நீளத்துக்கு எத்தனை ஓட்டை என்று எண்ணித்தான் அளவு சொல்வார்கள், 14 வந்தால் நல்லா கிழியும். என் கைக்கு இதுவரை 11-க்கு மேல் வரலை.

ஜொகூரில் இருக்கும் மாமா பையனுக்கு அப்படி ஒரு கடிதம் போட்டேன். பன்னிரண்டு வயசு. ரெண்டு வாரத்தில் அவன் தீவிலிருந்து பதில் வந்தது, ஸ்டாம்பில் ஒரு பூனை, மதிப்பு 'மூணு மீன்'. என் தீவுக் கடிதத்தைத் தன் தீவில் விநியோகிக்கக் கட்டணம் தனியாக உண்டு என்று அதிகாரபூர்வக் கடிதம் வேறு இணைத்திருந்தான். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கு. அவன் ரெண்டு மீனுக்குக் கீழே இறங்க மாட்டேங்கிறான்.